ஆணி குத்தினாத் தெரியாத காலு, கம்பளி பட்டா ஏன் எரியுது?

மரத்துப் போன எடத்துல வலிக்காதுன்னுதான் நாம எல்லாரும் நெனைச்சிட்டிருக்கோம். பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போட்டு மரக்க வெக்கறாங்க, அப்புறம் குறடு போட்டு இழுத்தாலும் தெரியறதில்ல, நமக்குத் தெரிஞ்ச கணக்கு அவ்ளோதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டிசம்பர்ல ஒரு ராத்திரி எனக்கு அந்தக் கணக்கு தப்பாப் போச்சு. குன்னூர்ல அப்போ குளிரு சொல்லவே வேண்டாம், ரெண்டு கம்பளி போர்த்தினாத்தான் தூக்கமே வரும், ஆனா கம்பளியோட ஓரம் கால் விரல்ல பட்டாப் போதும், பச்ச மொளகாய அரைச்சுத் தடவின மாதிரி எரியுது. காலை மட்டும் கட்டிலுக்கு வெளிய நீட்டிட்டு ஒடம்பப் போர்த்திக்கிட்டு படுத்திருக்கேன். இதுல வேடிக்கை என்னன்னா அன்னிக்கு சாயங்காலந்தான் அதே கால்ல ஆணி குத்தி ரத்தம் வந்திருக்கு, கடைப் பையன் தரையப் பாத்துட்டு "அண்ணே, யாருக்கோ கால்ல அடிபட்டிருக்குங்க, பாருங்க ரத்தம்"னு சொல்ற வரைக்கும் அது என் ரத்தம்னு எனக்கே தெரியல. ஆணி குத்தினாத் தெரியாத காலு கம்பளி பட்டா எப்படிய்யா எரியும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கெடைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, ஒண்ணே முக்கால் லட்சத்துக்குக் கிட்டப் பணமும் போச்சு. யாராவது மொதல்லயே சொல்லியிருந்தா பாதி மிஞ்சியிருக்கும், அதுக்காகத்தான் ஒக்காந்து டைப் பண்றேன்.

என்னப் பத்தி சுருக்கமா. வயசு 54, வர்க்கிங்கற மொறுமொறு பிஸ்கட்டு போடற பேக்கரி வெச்சிருக்கேன், வெறகு அடுப்புதான், ஊட்டி வர்க்கிக்குப் புவிசார் குறியீடு எல்லாம் 2023ல வந்துச்சு, வெறகு வெலை மட்டும் எறங்கல. சர்க்கரை வந்து 11 வருஷம். ஆமா, மைதாவுலயும் சர்க்கரையிலயும் கை வெச்சுப் பொழைக்கிறவனுக்கு சர்க்கரை வந்தா ஊரே சிரிக்கும், சிரிச்சாங்க. ஆரம்பத்துல இருந்தே மெட்ஃபார்மின்தான். மாத்திரை தவறாமப் போட்டேன், ஆனா மூணு மாச சர்க்கரை சராசரி பாக்கற HbA1c டெஸ்ட் இருக்கே, அத வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தாலே அதிகம். அது 9.6ல நின்னுச்சு. கால் எரிச்சல் மொதல்ல லேசாத்தான் வந்துச்சு, நாளுக்கு எட்டு மணி நேரம் அடுப்புக்கு முன்னாடி நிக்கறோம், அந்தச் சூடுதான்னு நானே தீர்ப்பு எழுதிக்கிட்டேன். சம்சாரம் அப்போ திருப்பூர்ல, பொண்ணுக்குப் பிரசவம், அவகிட்டச் சொன்னா பதறிக்கிட்டு வந்துருவான்னு ஒண்ணும் சொல்லல. போன்ல கேக்கும்போதெல்லாம் "நல்லா இருக்கேன், நீ கொழந்தையப் பாரு"ன்னே ஓட்டினேன்.

மொத அஞ்சு மாசம் போனது பூரா காலச் சுத்தித்தான். தைலம், உருவி விடறவர் ஒருத்தரு, வாரம் ரெண்டு தடவை, அதுல 14,000 போச்சு. அப்புறம் தெரிஞ்சவரு ஒருத்தர் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு, கால வெச்சா அதிருற மெஷினு, "ரத்த ஓட்டம் வந்தா நரம்பு தானா உயிர் புடிச்சுக்கும்"னு மைக்குல பேசறாங்க, 18,500 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். அது இப்போ மாவு மூட்டைக்குப் பின்னாடி கெடக்கு. அத விட முட்டாள்தனம் ஒண்ணு பண்ணேன். குளிருக்கு இதமா இருக்குமேன்னு வெந்நீர்ல உப்புப் போட்டு ராத்திரி கால ஊற வெச்சேன். கை வெச்சுப் பாக்கல, காலத்தான் விட்டேன், காலுக்கு எதமாத்தான் இருந்துச்சு. காலையில எந்திரிச்சா குதிகால்ல ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். அது ஆற 40 நாள். அதுல 18 நாள் அடுப்பே பத்த வெக்கல, அதுவும் மே சீசன்ல, டூரிஸ்ட்டு வந்து குவியற நேரம். பூரா செலவுலயும் பெரிய நஷ்டம் அதுதான், 75,000க்குக் கொறையாது.

இங்க ஒண்ணு சொல்லிக்கறேன், மலையில இருக்கறவங்க கவனிக்கணும். கால் உணர்ச்சி கொறைஞ்சவங்க வெந்நீரோட சூட்ட முழங்கைய விட்டுத்தான் பாக்கணும், இல்ல வீட்டுல வேற யாரையாவது பாக்கச் சொல்லணும். கணப்புச் சட்டி பக்கத்துல கால் நீட்டிக்கிட்டு ஒக்காரறது, ஹீட்டர கட்டிலுக்குக் கீழ வெக்கறது, வெந்நீர்ப் பைய கால்ல கட்டிக்கிட்டுத் தூங்கறது, எதுவுமே வேண்டாம். குளிருக்குக் காட்டன் சாக்ஸ் போதும், ராத்திரி லூசானதா போடுங்க. தோட்டத்து வேலைக்குப் போறவங்களுக்கு அட்டை கடிச்சது கூடத் தெரியாது, சாக்ஸ்ல ரத்தக் கறையப் பாத்துத்தான் தெரியும், அது ஆறாத புண்ணாயிட்டா அப்புறம் வேற கதை.

கொப்புளத்துக்கு மருந்து போட்ட டாக்டர் சர்க்கரையப் பாத்துட்டுத் திட்டி இன்சுலின் ஆரம்பிச்சு விட்டாரு. பயத்துல நானும் சோத்தப் பாதியாக்கி, ஊசியும் போட்டு, மூணே மாசத்துல 9.6ல இருந்து 6.5க்குக் கொண்டு வந்தேன். எல்லாரும் பாராட்டினாங்க. எரிச்சல் மட்டும் ரெண்டு மடங்காச்சு! தொடை வரைக்கும் மின்சாரம் சுள்ளுன்னு ஏறும், சட்டை துணி பட்டாக்கூடக் கூசும். சர்க்கரை கொறைஞ்சா வலி கொறையணும்தானே, எனக்கு ஏன் ஏறுதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் பதில் தெரியல. ரொம்ப நாள் ஏறிக் கெடந்த சர்க்கரைய ரொம்ப வேகமா எறக்கினா சிலருக்கு இந்த மாதிரி நரம்பு வலி கெளம்பும், பெரும்பாலும் மாசக் கணக்குல மெதுவா அடங்கும்னு பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். மூணு மாசத்துல 2 பாயிண்டுக்கு மேல எறக்கறவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். அதுக்காக சர்க்கரைய எறக்காம இருக்கக் கூடாது, டாக்டர்கிட்டக் கேட்டு நிதானமா எறக்கணும். நான் என்ன பண்ணேன், பயந்து இன்சுலினையே பத்து நாள் நிறுத்திட்டேன். அந்தத் தப்ப நீங்க பண்ணாதீங்க.

அப்புறந்தான் முதுகு கதை. அக்டோபர்ல ஒருத்தர் சொல்லி ஒரு எடத்துக்குப் போனேன், எங்கன்னு சொல்லல, அது முக்கியமில்ல. பத்து நிமிஷம் கூடப் பாக்கல, எம்ஆர்ஐ எடுத்துட்டு வரச் சொன்னாங்க, எடுத்தேன், 8,500. "இடுப்புல நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவுல டிஸ்க் பிதுங்கி நிக்குது, தண்டுவடத்துப் பிரச்சனை, அதான் கால் எரியுது, ஆபரேஷன் பண்ணிருங்க"ன்னாங்க. 1,80,000 ஆகும்னாங்க, 25,000 அட்வான்ஸ் கட்டினேன். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி கூட வந்துச்சு, அத மறைக்க மாட்டேன். ஒரு வருஷமா பேரு தெரியாத வியாதி, இப்போ பேரும் இருக்கு, படமும் இருக்கு, வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுதுன்னு. தேதி நவம்பர்ல குறிச்சாச்சு. அந்த வாரம்தான் மழை ஊத்து ஊத்துன்னு ஊத்தி, மேட்டுப்பாளையத்துக்கு எறங்கற வழியில பர்லியாருக்கு மேல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிட்டாங்க. கோத்தகிரி சுத்திப் போலாம்னு பாத்தா அங்கயும் மரம் விழுந்து கெடக்குன்னாங்க. நான் பொலம்பிக்கிட்டே கடையில ஒக்காந்திருந்தேன்.

எங்ககிட்ட வாரா வாரம் கால் கிலோ வர்க்கி வாங்கற அம்மா ஒருத்தங்க, நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, எல்லாரும் சிஸ்டர்னுதான் கூப்பிடுவோம். நான் நடக்கறதப் பாத்துட்டு என்ன ஏதுன்னு விசாரிச்சாங்க. "வலி ஒரு கால்லயா, ரெண்டு கால்லயுமா?" ரெண்டுலயும், ஒரே மாதிரி. "இருமினா தும்மினா இடுப்புல இருந்து காலுக்குச் சுள்ளுன்னு எறங்குதா?" இல்லீங்க சிஸ்டர். "மொதல்ல எங்க ஆரம்பிச்சுது, இடுப்புலயா, விரல்லயா?" விரல் நுனியில. அவங்க பொட்டலத்த வாங்கிப் பையில வெச்சுட்டு, "கத்தி வெக்கறதுக்கு முன்னாடி சர்க்கரை நரம்பு தெரிஞ்ச டாக்டர் ஒருத்தரப் பாத்துரு தம்பி, ரோடு தொறந்ததும் மொத வேலையா போ"ன்னாங்க. மூணு கேள்வி, காசு வாங்காத மூணு கேள்வி. அட்வான்ஸ்ல 15,000 திரும்பி வந்துச்சு, 10,000 வரல, அத நான் மழைக்குக் கட்டின காணிக்கைன்னு வெச்சுக்கிட்டேன்.

கோயம்புத்தூர்ல பாத்த அந்த நரம்பியல் டாக்டர் என்னய ஸ்கேன் எடுக்கவே அனுப்பல. செருப்பக் கழட்டச் சொன்னாரு. மொதல்ல தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழைய அடிப்பாதத்துல வளையற வரைக்கும் அழுத்தி "தெரியுதா, தெரியுதா"ன்னு கேட்டாரு, பத்து எடத்துல மூணு எடம்தான் தெரிஞ்சுது. அப்புறம் ஒரு கவட்டைக் கம்பியத் தட்டி, கட்டை விரல் எலும்பு மேல வெச்சாரு, அதிர்வு தெரியணுமாம், எனக்குச் சும்மா இரும்பு வெச்ச மாதிரிதான் இருந்துச்சு. அதே விரல்ல பஞ்ச எடுத்து இழுத்தாரு பாருங்க, பஞ்சுதான், நான் நாற்காலியில இருந்து துள்ளிட்டேன். கடைசியா எந்திரிச்சு நிக்க வெச்சு, பாதத்தச் சேத்து வெச்சுக் கண்ண மூடச் சொன்னாரு. கண்ண மூடினதும் ஆடிப் போயி மேஜையப் புடிச்சேன். அப்பத்தான் எனக்கே ஞாபகம் வந்துச்சு, ஆறு மாசமா மூஞ்சி கழுவும்போது சோப்புக்குக் கண்ண மூடினா சாயற மாதிரி இருந்துச்சு, தல சுத்தல்னு விட்டுட்டேன். கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சேதி கொண்டு போறது தண்டுவடத்தோட பின்பக்கத்து நரம்புக் கட்டு, அந்தச் சேதி சரியாப் போகலேன்னா கண்ணுதான் ஈடு கட்டும், கண்ண மூடினா விழுந்துருவோம்னு சொன்னாரு.

நான் கேட்டேன், "அப்போ தண்டுவடத்துலதானுங்க பிரச்சனை, அங்கயும் அதானே சொன்னாங்க?" அவரு சிரிச்சுட்டு எம்ஆர்ஐ படத்த வெளக்குல மாட்டினாரு. முதுகெலும்பு வேற, அதுக்குள்ள போற தண்டுவடம் வேற. தண்டுவடம் இடுப்பு எலும்புல மொதலாவது, ரெண்டாவது எலும்புக்கிட்டயே முடிஞ்சிருது, அதுக்குக் கீழ குதிரை வால் மாதிரி நரம்பு வேருங்கதான் தொங்குது. என் டிஸ்க் பிதுங்கினது நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல, அது தண்டுவடத்த அமுக்கவே முடியாது, அமுக்கினா வேரத்தான் அமுக்கும், அப்பவும் வழக்கமா ஒரு பக்கமாத்தான் இழுக்கும். அம்பது வயசுக்கு மேல முதுகு வலியே இல்லாத நெறையப் பேருக்கும் ஸ்கேன் எடுத்தா டிஸ்க் பிதுங்கித்தான் தெரியும். "உங்க தண்டுவடத்துல கோளாறு இருக்குங்க, ஆனா அது கத்தி வெச்சு எடுக்கற கோளாறு இல்ல"ன்னாரு. இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்ளோ எழுதறேன்.

அவரு சொன்னத நான் நம்ம ஊரு பாஷையில மாத்திச் சொல்றேன். மேட்டுப்பாளையத்துல இருந்து மேல வர்ற ரோட்டுல இ-பாஸ் பாக்கற செக்போஸ்ட் இருக்கே, 2024 மே மாசத்துல இருந்து, அத நெனைச்சுக்கங்க. காலு கீழ சமவெளி, மூளை மேல ஊட்டி, தண்டுவடம் நடுவுல செக்போஸ்ட். கால்ல இருந்து வர்ற சேதி எல்லாம் அப்படியே மூளைக்குப் போயிராது. தண்டுவடத்தோட பின்பக்கம் கொம்பு மாதிரி ஒரு பகுதி இருக்கு, வலி, சூட்டுச் சேதியெல்லாம் அங்க நிக்கணும், எத விடறது, எத நிறுத்தறது, எத்தன விடறதுன்னு அங்கதான் முடிவாகுது. இப்படி ஒரு கதவு இருக்குன்னு 1965லயே மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுதிட்டாங்க, அப்புறம் நுணுக்கத்துல எவ்வளவோ மாறினாலும் கதவுங்கற விஷயம் நின்னுருச்சு. அடிபட்ட எடத்த நாம தேய்ச்சு விட்டா வலி கொறையுதே, அது கூட இந்தக் கதவு வேலைதான், தொடற சேதி போயி வலிச் சேதிய நெருக்கித் தள்ளுது.

சர்க்கரையில மொதல்ல அடிபடறது ரொம்ப நீளமான நரம்புங்க, அதான் விரல் நுனியில ஆரம்பிக்குது, ரெண்டு கால்லயும் சாக்ஸ் போட்ட மாதிரி ஏறுது. நுனி செத்துப் போச்சுன்னா ஆணி குத்தினாத் தெரியாது. ஆனா நுனி போன நரம்பு சும்மா இருக்கறதில்ல, மிச்சம் இருக்கற பகுதி காரணமே இல்லாம தானாச் சுட்டுக்கிட்டே இருக்கு, ஆள் இல்லாத வண்டிங்க வரிசையா செக்போஸ்ட்டுக்கு வர்ற மாதிரி. ராத்திரி பகல் இப்படி வந்துக்கிட்டே இருந்தா செக்போஸ்ட் ஆளுங்களுக்கு என்னாகும்? தண்டுவடத்துல இருக்கற செல்லுங்க உசுப்பேறிப் போயி, ஒண்ணு வந்தாப் பத்தாக் கத்த ஆரம்பிக்குது. இன்னொரு பக்கம், நிறுத்தற வேலை பாக்கற ரசாயனம் இருக்கு, அதோட புடி தளருது. சர்க்கரை வந்த எலிகள வெச்சுப் பண்ணின ஆராய்ச்சியில இன்னொரு விநோதம் பாத்திருக்காங்க, நிறுத்தணும்னு காட்டற சைகையே தண்டுவடத்துல தலைகீழாகி போ போன்னு தள்ளி விடற சைகையா மாறுதாம். செவப்புக் கொடி காட்டறாரு, டிரைவருக்குப் பச்சையாத் தெரியுது. அப்புறம் கம்பளி பட்ட சேதி, அது வெறும் தொடுதல், அது கூட வலி வண்டின்னு சீல் குத்தி மேல அனுப்பிடறாங்க. என் கேள்விக்குப் பதில் இதுதான். ஆணிய உணர்ற நுனி போயிருச்சு, செக்போஸ்ட் கெட்டிருச்சு, ரெண்டும் ஒரே நேரத்துல.

நான் அழல, ஆனா தொண்டை அடைச்சுது. ஒரு வருஷமா நான் சொன்னத நெறையப் பேரு "மனசுதான் காரணம், டென்ஷன் ஆவாதீங்க"ன்னு தள்ளினாங்க. அப்புறம் ராத்திரியில தூக்கம் இல்லாம செல்லுல தேடிப் படிச்சேன், 2001லயே இங்கிலாந்துல ஷெஃபீல்டு டாக்டருங்க சர்க்கரை நரம்பு நோய் உள்ளவங்களோட தண்டுவடத்த எம்ஆர்ஐல அளந்து, அதோட குறுக்களவு கொறைஞ்சிருக்குன்னு லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில எழுதியிருக்காங்க. கால் நோய்னே நாம பேசிட்டிருக்கோம், அது மேல வரைக்கும் ஏறுது. எல்லாருக்கும் ஒரே மாதிரியும் இல்லியாம், சிலருக்கு வலி பெரும்பாலும் கால் நரம்புலயே கெளம்புது, சிலருக்குத் தண்டுவடம் அதப் பெருசு பண்ணுது, ஒருத்தருக்குக் கேட்ட மாத்திரை இன்னொருத்தருக்குக் கேக்காததுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. அதனால பக்கத்து வீட்டுக்காரர் சீட்டப் பாத்து மெடிக்கல்ல வாங்காதீங்க.

அன்னிக்கு எடுத்த ரத்த டெஸ்ட்ல இன்னொண்ணு மாட்டுச்சு. பி12 சத்து 142, அந்த லேப் சீட்டுல 200க்குக் கீழன்னாலே கம்மின்னு போட்டிருந்துச்சு. வருஷக் கணக்கா மெட்ஃபார்மின் போட்டா கொஞ்சம் பேருக்கு பி12 ஒடம்புல சேர்றது கொறையும், பி12 கொறைஞ்சா கால் நரம்பும் கெடும், தண்டுவடத்தோட அந்தப் பின்பக்கக் கட்டும் கெடும், அதாவது நான் கண்ண மூடினா ஆடினேனே, அந்த எடம். 11 வருஷத்துல ஒரு தடவை கூட யாரும் பாக்கல, நானும் கேக்கல. தயவு செஞ்சு கேளுங்க, மெட்ஃபார்மின் நாள்பட போடறவங்க பி12 எடுத்துப் பாருங்க. அதுவும் மெடிக்கல்ல குடுக்கற நரம்பு மாத்திரை, செவப்பு ஊசி இதெல்லாம் போடறதுக்கு முன்னாடி எடுக்கணும், போட்ட பிறகு எடுத்தா ரத்தத்துல நம்பர் ஏறி நல்லா இருக்கற மாதிரிக் காட்டும். அந்த நரம்பு மாத்திரையில சிலதுல பி6 நெறைய இருக்கும், அத அளவுக்கு மேல மாசக் கணக்குல போட்டா அதுவே நரம்பக் கெடுக்கும், இது எனக்கு அதிர்ச்சியா இருந்துச்சு. எனக்கு பி12 ஊசி போட்டாங்க, மூணு மாசத்துல கண்ண மூடினா ஆடறது நல்லாவே கொறைஞ்சுது. எரிச்சல் அந்த அளவுக்குக் கொறையல.

இன்னொரு ஏமாத்தமும் சொல்லிடறேன். அதுக்கு முன்னாடி 3,500 குடுத்து நரம்புக்குக் கரண்ட் வெச்சுப் பாக்கற டெஸ்ட் எடுத்திருந்தேன், "பெருசா ஒண்ணும் இல்ல, லேசா இருக்கு"ன்னு ரிப்போர்ட். அந்த டெஸ்ட்ல தெரியறது தடிமனான நரம்பு மட்டுந்தான், சூடு, வலி கொண்டு போற மெல்லிசு நரம்பு அதுல தெரியாது. ரிப்போர்ட் நார்மல்னா உங்க வலி பொய்யுன்னு அர்த்தம் இல்ல.

மாத்திரைக்கு வர்றேன். டைக்ளோஃபெனாக் மாதிரி சாதா வலி மாத்திரை இதுக்குக் கேக்காது, வீக்கத்துக்கான மருந்து அது, சர்க்கரைக்காரன் தொடர்ந்து போட்டா கிட்னிதான் போகும், நான் எட்டு மாசம் அப்பப்போ முழுங்கியிருக்கேன். எனக்குக் குடுத்தது பிரீகாபலின், ராத்திரி 75 மில்லிகிராம். தண்டுவடத்துல முடியற நரம்பு முனையில ரசாயனம் கொட்டறதக் கொறைக்குமாம், செக்போஸ்ட்டுக்கு வர்ற வண்டியக் கொறைக்கற மாதிரி. மொத வாரம் போதைதான். விடியக் காலையில அடுப்புக்கு முன்னாடி தட்டு எடுக்கும்போது தல சுத்தி, பையன் புடிக்கலேன்னா மொகம் அடுப்புல. ஆரம்பிக்கற வாரம் வண்டி ஓட்டாதீங்க, அடுப்பு, ஏணி, மெஷின் பக்கம் போகாதீங்க, மலை ரோட்டுல பைக் எடுக்கவே எடுக்காதீங்க. நாலு நாள்ல ஒண்ணும் கேக்கலேன்னு நான் நானே ரெண்டாக்கினேன், கால் வீங்கி செருப்பு ஏறல. கோவத்துல ஒரேயடியா நிறுத்தினேன், ரெண்டு ராத்திரி வேர்த்து விறுவிறுத்து, தூக்கமே இல்ல. டாக்டர் போன்ல திட்டினதுல பாதி நியாயம். கொறைக்கணும்னா படிப்படியாத்தான் கொறைக்கணும், கிட்னி டெஸ்ட் பாத்துத்தான் அளவு முடிவு பண்ணணும்.

அப்புறம் டுலோக்ஸடின் சேத்தாரு. மெடிக்கல்காரரு "இது மனச்சோர்வுக்குக் குடுக்கறதாச்சே"ன்னு ஒரு மாதிரிப் பாத்தாரு, எனக்கும் சங்கடம். மூளையில இருந்து தண்டுவடத்துக்குக் கீழ எறங்கி வந்து வலிய அடக்கற ஒரு பாதை இருக்கு, அந்தப் பாதைக்குத் தெம்பு குடுக்கற மருந்து இது, ஊட்டியில இருந்து அதிகாரி போன் போட்டு செக்போஸ்ட்ட இறுக்கிப் பாருங்கன்னு சொல்ற மாதிரி. மனசு கெட்டதுக்கில்ல, கதவு கெட்டதுக்கு. மொத பத்து நாள் கொமட்டுச்சு, சாப்பிட்டுப் போட்டா சரியாச்சு. நாலு வாரத்துக்கு மேலதான் வித்தியாசம் தெரிஞ்சுது. டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாரு, "வலி பாதி கொறைஞ்சா அதுவே நல்ல வெற்றி, பூரா போயிரும்னு யாராவது சொன்னா எந்திரிச்சு வந்துருங்க"ன்னு. எனக்குப் பத்துக்கு எட்டுல இருந்த வலி இப்போ மூணுல நிக்குது. முதுகுல மின்கருவி வெச்சுத் தண்டுவடத்துக்கு லேசாக் கரண்ட் குடுக்கற வைத்தியமும் இருக்கு, அமெரிக்காவுல சர்க்கரை நரம்பு வலிக்கு 2021ல அனுமதி குடுத்திருக்காங்க. கேட்டுப் பாத்தேன், பல லட்சம் ஆகும், மாத்திரை எதுவுமே கேக்காதவங்களுக்குத்தான் அது, உங்களுக்கு இப்போ வேண்டாம்னுட்டாரு. மறைக்காமச் சொன்னா எனக்கு அவரு மேல மரியாதை வந்ததே அந்த வேண்டாம்லதான்.

வலி கொறைஞ்சதும் வர்ற ஆபத்து ஒண்ணு இருக்கு. மாத்திரை செக்போஸ்ட்டத்தான் அடக்குது, செத்த நுனிய உயிர்ப்பிக்கல. எரிச்சல் இல்லேங்கறதுக்காகக் கால் நல்லாயிருச்சுன்னு நெனைச்சு வெறுங்கால்ல நடக்கக் கூடாது. அதே மாதிரி, முதுகுல எப்பவுமே ஒண்ணும் இருக்காதுன்னும் நான் சொல்ல வரல. ஒரு கால் மட்டும் திடீர்னு பலம் கொறைஞ்சா, பாதம் தூக்க வராமத் தொங்கினா, ஒண்ணுக்கு அடைச்சுக்கிட்டா, இல்ல அடக்க முடியலேன்னா, ஒக்கார்ற எடம் மரத்துப் போச்சுன்னா, அது அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம், அங்க கத்தி தேவைப்படலாம். என்னுது அது இல்ல.

ராத்திரிக்கு நானே ஒரு வழி கண்டுபுடிச்சேன், காசில்லாத வைத்தியம். ப்ரெட் அடுக்கற பிளாஸ்டிக் கிரேட் ஒண்ணக் கழுவி, கட்டில்ல கால் மாட்டுல குப்புறக் கவுத்து, ஒரு பக்கத்த அறுத்து விட்டு, அதுக்குள்ள கால நீட்டிக்கிட்டு மேல கம்பளியப் போட்டேன். கம்பளி காலத் தொடாது, குளிரும் ஏறாது. ஒரு வருஷத்துல மொத தடவையா அன்னிக்கு அஞ்சு மணி நேரம் தூங்கினேன். மாத்திரை வேலை செய்யறதுக்கு முன்னாடியே இதப் பண்ணியிருக்கலாம், 18,500 ரூபாய் மெஷின் பக்கத்துலயேதான் அந்தக் கிரேட்டும் கெடந்துச்சு.

சம்சாரம் திரும்பி வந்தது போன மார்ச்சுல. பொட்டியக் கூட எறக்கல, படுக்கையப் பாத்துட்டு "ஏங்க, கட்டில்ல எதுக்குங்க ப்ரெட்டு கிரேட்டு?"ன்னா. அதுக்கு மேல மறைக்க முடியல, எல்லாத்தையும் சொன்னேன், ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் ராத்திரி கண்ணாடியப் போட்டுக்கிட்டு டார்ச்ச எடுத்துக்கிட்டு வந்து கால் மாட்டுல ஒக்காந்தா, விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம்னு ஒண்ணு விடாமப் பாத்தா. அன்னில இருந்து தெனமும் பாக்கறா. நேத்து இடது கால் பெருவிரலுக்குக் கீழ ஒரு வெறகுச் சிராய், அரை இஞ்சு இருக்கும், ஊசிய வெச்சு எடுத்து என் உள்ளங்கையில வெச்சா. காலையில இருந்து அது மேலதான் நடந்திருக்கேன்.